ரெண்டே முக்கால் மணி நேரம்

டெல்லிக்கும் சென்னைக்கும் ஆகாய வழியில் எவ்வளவு தூரம், பறந்துவர எவ்வளவு நேரம் என்று எங்கள் ஊருக்கு முதலில் சொன்னவன் நான்தான். கேட்டார்கள், சொன்னோம், அதில் என்ன தப்பு என்று எனக்கு நானே பல தடவை சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒத்துவரவில்லை. நான் சொன்ன அந்தக் கணக்கால் ஒரு அண்ணனும் தங்கச்சியும் நாலு வருஷம் பேசாமல் இருந்தார்கள். தங்கச்சி என் வீட்டுக்காரி. அண்ணன் என் மச்சான். டெல்லியில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டராக இருக்கிறார்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற ஊர். நான் எட்டாவதோடு நின்றவன். அதற்கப்புறம் படித்ததெல்லாம் பொட்டலம் கட்டிவந்த பேப்பரும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கையில் விரித்து வைத்திருந்த பேப்பரும்தான். ஊரில் பெரிய போன் முதலில் வாங்கியவனும் நான். அதனால் உர மூட்டை விலையிலிருந்து ரேஷன் கார்டு வரைக்கும் எல்லாவற்றுக்கும் "போன்ல பாத்துச் சொல்லுப்பா" என்று என்னிடம் வருவார்கள். பார்த்துச் சொல்வதில் எனக்கும் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஊருக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி கிழக்கே பார்த்து நின்றால் கிடைக்கும். வயசானவர்கள் அதை "பேசற பாறை" என்பார்கள். அந்தப் பாறையில் ஏறி இறங்கி என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம், அடை மழையில், விடியற்காலை என் மாமனார் இறந்துபோனார். நான் பாறையில் ஏறி மச்சானுக்குச் சொன்னேன். "எப்ப எடுக்கறீங்க மாப்ள?" என்றார். எங்கள் ஊரில் விடியற்காலையில் போனவரை அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அடக்கம் பண்ணிவிடுவார்கள். ராத்திரி தாண்டவிடுவதில்லை. அதைச் சொன்னேன். "பாக்கறேன்" என்றார். மழையில் லைன் அறுந்துவிட்டது.

கீழே இறங்கினால் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே மகன், அவன்தான் முதல் பிடி மண் போட வேண்டும். எப்போது வருவான்? என் வீட்டுக்காரியின் பெரியப்பா கேட்டார்.

"டெல்லி இன்னா தூரம்ப்பா? போன்ல போட்டுப் பாரு."

மறுபடி பாறைக்கு ஏறினேன். ரெண்டு ஊர் பெயரையும் தட்டினேன். நேர்க்கோட்டில் ஆயிரத்து எழுநூத்துச் சொச்சம் கிலோமீட்டர், விமான நேரம் ரெண்டே முக்கால் மணி என்று வந்தது. படத்தில் ஒரு கோடு, கோட்டின்மேல் ஒரு குட்டி விமானம். இறங்கி வந்து கூட்டத்துக்கு நடுவில் நின்று அதை அப்படியே சொன்னேன்.

"ரெண்டே முக்கா மணி நேரமா? நம்ம பஸ்ஸு மழ நாள்ல கள்ளக்குறிச்சி போயி சேர்ற நேரம்" என்றார் ஒருத்தர்.

அதோடு பெரியவர்கள் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார்கள். ஏழு மணிக்குச் சேதி போனது. பத்து மணிக்குச் சென்னை. அங்கிருந்து ஒரு கார் வைத்தால் பொழுது சாய மலை. சரியாய் இருக்கிறது. காத்திருப்போம் என்று முடிவானது. டிக்கெட் என்று ஒன்று வாங்க வேண்டும், விமானம் நாம் போய் நிற்கும் நேரத்தில் எல்லாம் கிளம்பாது என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும்தான். எங்களுக்குத் தெரிந்த வண்டி ஜீப்பு. ஆள் சேர்ந்தால் கிளம்பும்.

ஐந்து மணி வரை வைத்திருந்தார்கள். வெளிச்சம் மங்கியது. பெரியப்பா மகன் ஒருத்தன் முதல் பிடி மண் போட்டான். மச்சான் ரயிலேறி மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "வழி ஒத்துவரல மாப்ள" என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரி அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. அவர் கிளம்பிப் போன பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ரெண்டே முக்கா மணி நேரம். எங்கப்பாவுக்கு அது கூட ஜாஸ்தின்னு நெனச்சிட்டான்."

நான் சொன்ன எண், நான் சொன்ன மாதிரியே. அப்போது எனக்கும் அந்த எண் சரிதான் என்று பட்டது.

அதற்கப்புறம் மகள் பிறந்தாள். மச்சான் பண்டிகைக்குப் பண்டிகை போன் பண்ணுவார். நான் பாறையில் நின்று பேசுவேன். "அவ கிட்ட இருக்கறாளா மாப்ள?" என்பார். "வூட்டுல வேலையா இருக்கறா மச்சான்" என்பேன். பக்கத்திலேயே நிற்பாள்.

போன தை மாதம் குழந்தைக்கு மூன்று முடிந்து, மொட்டை போட்டுக் காது குத்த வேண்டியதாயிற்று. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். கம்மல் தாய்மாமன் கொண்டுவர வேண்டும். மாமன் உயிரோடு இருக்கும்போது வேறொருத்தர் மடியில் குத்தினால், ஊரறிய அந்த உறவை வெட்டிவிட்டதாக அர்த்தம். இவள் அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். பெரியப்பா மகன் மடியே போதும் என்றாள். நான் மூன்று நாள் கெஞ்சினேன். கடைசியில் சொன்னாள்:

"கூப்புடு. வரட்டும். இந்த வாட்டியும் வேளைக்கி வரலன்னா எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல. அப்பறம் நீ அந்தப் பாறை மேல ஏறக் கூடாது."

மச்சானிடம் அப்படியே சொன்னேன். "வரேன் மாப்ள. ஏரோபிளேன்லயே வரேன்" என்றார். புதன்கிழமை பத்து மணிக்கு மேல் பன்னிரண்டுக்குள் நல்ல நேரம். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். அவருக்குச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு விமானம். ஐந்துக்குச் சென்னை. விடிவதற்குள் கள்ளக்குறிச்சி. முதல் பஸ்ஸில் மலை. தாராளமாக நேரம் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். மறுபடியும் நான்தான் சொன்னேன். எனக்குப் புத்தி வர லேட்டாகும்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் பண்ணினேன். மச்சான் ரூமை விட்டுக் கிளம்பிவிட்டார்.

"ரெண்டு மணிக்குத்தான, இன்னேரத்துக்கே இன்னா அவசரம் மச்சான்?"

"இங்கேர்ந்து ஏர்போர்ட்டு ரெண்டு பஸ்ஸு, ஒரு ரயிலு மாப்ள. ரெண்டு மணி நேரம் முன்னாலயே போயி நிக்கணும். இல்லன்னா கதவ சாத்திருவான்."

இறங்கிவந்து சொன்னேன். என் வீட்டுக்காரி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவே இல்லை. "ஆகாயத்துல பறக்கறதுக்கு ஐஞ்சு மணி நேரம் தரையில நிக்கணுமா? நல்லா கதை வுடறான்" என்றாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஏறினேன். பறந்துகொண்டிருப்பார், போன் எடுக்கமாட்டார் என்று நினைத்துத்தான் போட்டேன். எடுத்துவிட்டார். டெல்லியில் காலையிலிருந்து பனி மூட்டமாம். எல்லா விமானமும் தள்ளிப்போகிறதாம். "பொட்டிய வாங்கிக்கினான் மாப்ள. வெளிய போவவும் வுடல. ஒரு பலகையில எழுதிப் போட்டுக்கினே இருக்கறான். ஒவ்வொரு வாட்டியும் ஒரு மணி நேரம் ஏத்தறான்."

ஐந்துக்கு ஏறினேன். உட்கார்ந்திருக்கிறார். இருட்டுவதற்கு முன்னால் ஏறினேன். உட்கார்ந்திருக்கிறார். டீ குடித்தீர்களா என்று கேட்டேன். "இங்க டீய வெலகேட்டு வெச்சிட்டு வந்துட்டேன் மாப்ள. குழாத் தண்ணிதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் உயிர் இல்லை. எனக்கும் காலில் உயிர் இல்லை.

இறங்கி வரும்போது பெரியப்பா வழியில் நின்றார். "இன்னாப்பா, பறந்துட்டானா?"

"இன்னும் இல்ல மாமா. குந்திக்கினு இருக்கறாரு."

"ரெண்டே முக்கா மணின்னு சொன்ன?"

"அது பறக்கற நேரம் மாமா."

"குந்தற நேரத்த ஒம் போனு சொல்லாதா?"

அவர் கிண்டலாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தவள், "சாப்ட்டானாமா?" என்றாள். நாலு வருஷத்தில் அவள் அண்ணனைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

புதன்கிழமை விடிந்ததும் பாறைக்குப் போனேன். மச்சான் கிளாம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னார். விமானம் கிளம்பியபோது ராத்திரி பதினொன்றரை. இறங்கி, பெட்டி வரக் காத்திருந்து, பஸ் ஸ்டாண்டு வந்து, சேலம் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே ஏறியபோது மணி ஐந்து. நான் மனதுக்குள் எண்ணினேன். பதினொன்று ஆகும் கள்ளக்குறிச்சிக்கு. அதற்கு மேல் மலை. பன்னிரண்டுக்குள் நடக்காது.

அதை அப்படியே வந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. "வந்துக்கினே இருக்கறாரு" என்று மட்டும் சொன்னேன்.

கோயிலில் பந்தல் போட்டிருந்தது. சொந்தக்காரர்கள் எட்டு மணியிலிருந்தே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காது குத்துகிற ஆசாரி கச்சிராயபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். குழந்தைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசினோம். அது அழுதுமுடித்து, தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. குத்தின பிறகுதான் பந்தி. அண்டாவில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

பத்தேமுக்காலுக்கு ஏறினேன். மச்சான் கள்ளக்குறிச்சிக்கு முன்னால் எங்கேயோ நெரிசலில் நின்றுகொண்டிருந்தார். பதினொன்றரைக்கு ஏறினேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார்.

"மலை பஸ்ஸு இப்பதான் போச்சு மாப்ள. ஜீப்புல குந்திட்டேன். இன்னும் மூணு பேரு சேரணுமாம்."

"மூணு பேரு காசையும் நான் தரேன்னு சொல்லுங்க மச்சான்."

"சொல்லிட்டேன். டிரைவரு டீ குடிக்கப் போயிருக்கறாரு."

நான் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே பந்தல் தெரிந்தது. அங்கே போய் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ரெண்டு நாளாக இந்தப் பாறையில் ஏறி ஏறி நான் கொண்டுபோனதெல்லாம் 'இன்னும் வரவில்லை' என்கிற ஒரே சேதிதான். கடைசியில் எழுந்து போனேன்.

பெரியப்பா எழுந்து நின்றார். "பன்னெண்டு ஆவப் போவுது. எம் பையன் குந்தட்டும். கொழந்தைக்கி நல்ல நேரம் போவுது. அவன் வந்தா சாப்ட்டுட்டுப் போவட்டும்."

அவர் மகன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மணையில் உட்காரப் போனான். ஆசாரியும் ஊசியை எடுத்துத் துடைத்தார். எல்லோரும் என் வீட்டுக்காரியைப் பார்த்தார்கள். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நேத்து எப்ப கெளம்புனான்?"

"காலைல ஒம்போதுக்கு."

அவள் விரல் மடக்கினாள். ரூமிலிருந்து ஏர்போர்ட்டு. ஏர்போர்ட்டில் உட்கார்ந்தது. பறந்தது. பெட்டிக்கு நின்றது. பஸ்ஸு. ஜீப்பு. ரெண்டு கை விரலும் முடிந்து, மறுபடி முதலிலிருந்து மடக்கினாள். "ஒரு நாளுக்கு மேல ஆச்சே" என்றாள், எனக்குச் சொன்னது போலவும் இல்லை.

அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா போன அன்னிக்கி பனி இல்ல. அப்பவும் ஏழு மணிக்கி கெளம்பி சாயங்காலத்துக்குள்ள வந்திருக்க முடியுமா?"

"முடியாது" என்றேன். "பறந்து வந்திருந்தாலும் மறுநாள் காலைலதான்."

"அப்ப அன்னிக்கி இன்னாத்துக்கு ரெண்டே முக்கான்னு சொன்ன?"

"போன்ல அப்பிடித்தான் போட்டிருந்துச்சி. வேற எனக்குத் தெரியல."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. திரும்பிப் பெரியப்பாவிடம் போனாள்.

"பெரிப்பா, எங்கண்ணன் வந்தப்பறம் குத்திக்கலாம்."

"ராவு காலம் வருது கண்ணு."

"போவட்டும். ராவு காலம் முடிஞ்சப்பறம் குத்தலாம். எல்லாரும் சாப்புடுங்க."

குத்துவதற்கு முன்னால் பந்தி போட்டது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. கொஞ்சம் முணுமுணுத்தார்கள். ஆனால் பசி. உட்கார்ந்துவிட்டார்கள். ஆசாரி மட்டும் என்னிடம் வந்து, "ஒன்னே கால் பஸ்ஸு போச்சுன்னா எனக்கு அஞ்சு மணி பஸ்ஸுதாங்க. அங்க எவனோ மச்சான் ஏரோபிளேன்ல குந்துனதுக்கு நான் இன்னாங்க பண்ணேன்?" என்றார். அவருக்கு இலையில் ரெண்டு வடை கூடுதலாக வைக்கச் சொன்னேன்.

ஒன்றே முக்காலுக்கு ஜீப்பு வந்தது. மச்சான் பின்பக்கம் தொங்கிக்கொண்டு நின்றார். இறங்கும்போது கால் மடங்கி ஒரு கையை ஊன்றினார். தலையெல்லாம் செம்மண் தூசி. பெட்டிக் கைப்பிடியில் விமானத்துக்காரர்கள் கட்டின வெள்ளைத் தாள் அப்படியே இருந்தது. கண் ரெண்டும் உள்ளே போயிருந்தது. பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரலாமா என்று தெரியாதவர் போல.

"முடிஞ்சிருச்சா மாப்ள?" என்று என்னைத்தான் கேட்டார்.

பதில் என் வீட்டுக்காரி சொன்னாள். "உன்ன வுட்டுட்டு எப்பிடி முடியும்? போயி மூஞ்சி கழுவிக்கினு வா."

அவர் அப்படியே நின்றார். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் ஊற்றினாள். முகத்தைக் கழுவினார், கழுவினார், சொம்பு காலியான பிறகும் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மணையில் உட்கார்ந்தார். குழந்தை அவரை அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு மடியில் உட்கார்ந்துவிட்டது. கம்மலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஆசாரியிடம் கொடுத்தார். உள்பையில் ஊக்கு குத்தி வைத்திருந்தார். எடுக்க நேரமாயிற்று. ஆசாரி வெற்றிலையில் ஊசியை வைத்து, சந்தனம் தொட்டுக் காது மடலில் குறி வைத்து, வாகாக உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், மச்சான் தலை தொங்கிப்போயிருக்கிறது. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். கைமட்டும் குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"எழுப்பட்டுங்களா?" என்றார் ஆசாரி.

"எழுப்பாதீங்க. கை புடிச்சிருக்குதில்ல, போதும். குத்துங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

குத்தினார். குழந்தை போட்ட சத்தத்தில் மச்சான் திடுக்கிட்டு விழித்து, "போர்டிங்கா?" என்றார். பந்தலே சிரித்தது. பெரியப்பா கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கவும் ஒரு தெம்பு வேண்டும்.

சாப்பிடும்போது அவர் இலைக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கி வர முடியலன்னு நீ ஏண்ணா சொல்லல?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "சாயங்காலம் ஆறு மணிக்கித்தான் டிக்கெட்டு இருந்துச்சி. நீங்க பொழுதோட எடுத்துருவீங்க. அப்பறம் பறந்து வந்து இன்னா? ரயிலேறிட்டேன்."

"அதச் சொல்றதுக்கு இன்னா?"

"நீ அழுதுக்கினு இருந்த. அங்க வந்து குந்திக்கினு மணி கணக்கு சொல்லச் சொல்றியா?"

நான் ரசச் செம்பைக் கீழே வைத்தேன். "தப்பு என்னுதுதான் மச்சான். நான்தான் அந்த நேரத்த ஊரெல்லாம் சொன்னேன்."

"நீ சொன்ன. நான் அதப் புடிச்சிக்கினேன்" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். "இன்னும் கொஞ்சம் சோறு போடு அண்ணனுக்கு."

சாப்பிட்டு முடித்ததும் அவருக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்டாள். நாலு நாள் என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டலில் நிற்க வேண்டும். அவள் மறுபடியும் விரல் மடக்கினாள். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. பறக்கிற நேரத்தைக் கடைசியில்தான் எண்ணினாள்.

"அப்ப நாளைக்கி மத்தியானமே மலைய வுட்டு எறங்கணும் நீ."

"ஆமா."

நாலு வருஷத்துப் பேச்சுக்கு ஒரு சாயங்காலமும் ஒரு காலையும் இருந்தது. மச்சான் வீட்டுக்குள் பாயில் சாய்ந்தார், சாய்ந்ததும் தூங்கிவிட்டார். குழந்தையும் காதைப் பிடித்துக்கொண்டே அவர் பக்கத்தில் போய்ப் படுத்தது. எழுப்பிப் பேசேன் என்று நான் சொன்னேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். முந்தானையால் ரெண்டு பேர் மேலும் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டு, வாசலில் பொழுது இறங்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களை, "தூங்கறான், அப்பறம் வாங்க" என்று மெதுவான குரலில் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தாள்.